பவர் வந்ததும் 'பட்'டுனு ஒரு சத்தம்... கம்ப்யூட்டர் செத்துடுச்சா? கடைக்குத் தூக்கும் முன் இதைப் பாருங்க!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் சீர்காழி பக்கம் இரண்டு பயம். ஒன்று வயலில் நிற்கும் தண்ணீர், இன்னொன்று கரண்ட். 2022 நவம்பர் 12 காலை வரையிலான 24 மணி நேரத்தில் சீர்காழியில் மட்டும் 44 செ.மீ. மழை கொட்டியதை ஊர் மறக்கவில்லை. அப்போது சுற்றுவட்டாரத்தில் பல இடங்கள் இருட்டில் கிடந்தன. ஆனால் கரண்ட் போவதால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கெடுவதில்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல்.

அதுவும் எந்த நேரத்தில்? சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். பொது சேவை மையங்களிலும் டி.டி.பி. கடைகளிலும் அடங்கலோடு விவசாயிகள் வரிசையில் நிற்கும் அதே வாரத்தில்தான் இடி, மின்னல், மின்வெட்டு எல்லாம் சேர்ந்து வரும். அந்த நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர் படுத்தால் நஷ்டம் கடைக்காரருக்கு மட்டுமல்ல.

230 வோல்ட் 400 ஆவது எப்படி?

மின்னல் ஒரு காரணம். ஆனால் மழைக்காலத்தில் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பது நியூட்ரல் கம்பி அறுந்துபோவது. தெரு டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வருவது மூன்று பேஸ். ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு பேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். மரம் சாய்ந்தோ, இணைப்பு துருப்பிடித்தோ நியூட்ரல் விட்டுப்போனால், அந்த 400 வோல்ட்டை வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. கிரைண்டர், மோட்டார் ஓடும் வீட்டுக்குக் குறைவாகப் போகும். ஒரு டியூப் லைட்டும் கம்ப்யூட்டரும் மட்டும் ஓடும் வீட்டில் 300-ஐத் தாண்டி எகிறும்.

அடையாளம் சுலபம். உங்கள் வீட்டு பல்பு கண்ணைக் கூசுகிற மாதிரி எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கலாக எரிந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மெயினை ஆஃப் பண்ணிவிட வேண்டும்.

முதல் அடி யாருக்கு?

சி.பி.யு. பெட்டிக்குள் கரண்ட் முதலில் நுழையும் இடம் எஸ்.எம்.பி.எஸ். வரும் 230 வோல்ட்டை அது உள்ளே சுமார் 325 வோல்ட் டி.சி.யாக மாற்றி ஒரு பெரிய கெபாசிட்டரில் தேக்கும். அந்த கெபாசிட்டர் பொதுவாக 400 அல்லது 450 வோல்ட் தாங்கும். வெளியே 300 வோல்ட் வந்தால் உள்ளே 420-ஐத் தாண்டிவிடும். 'பட்' சத்தமும் தீய்ந்த வாடையும் அங்கிருந்துதான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல நேரம் எஸ்.எம்.பி.எஸ். தான் செத்து மற்றதைக் காப்பாற்றிவிடும். அதனால் "மொத்தமா போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால், பிரித்துப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

வீட்டிலேயே எதுவரை பார்க்கலாம்?

மறுபடி மறுபடி பவர் பட்டனை அமுக்குவதை முதலில் நிறுத்துங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த பாயிண்டில் இப்போது சரியான கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். மல்ட்டிமீட்டர் இருந்தால் 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு ஸ்பைக் பஸ்டர், யு.பி.எஸ். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, வேறு கேபிளில் நேராகச் சுவர் பாயிண்டில் போட்டுப் பார்க்கலாம். யு.பி.எஸ்.ஸின் பின்பக்க ஃபியூஸ் மட்டும் போயிருந்தால் வேலை அங்கேயே முடிந்தது.

வாடை வந்திருந்தாலோ, பெட்டிக்குள் மழைத் தண்ணீர் போயிருந்தாலோ இந்தச் சோதனையே வேண்டாம். நேராக மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

எதுவும் அசையவில்லை என்றால் பக்கவாட்டு மூடியைத் திறந்து, மதர்போர்டில் சின்ன எல்.இ.டி. எரிகிறதா என்று பாருங்கள். பல போர்டுகளில் இது உண்டு. எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் வருகிறது என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை போர்டில் இருந்து கழற்றி, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்துப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழி. ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் ஃபேன் சுற்றுவதாலேயே நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்று நம்பிவிடக்கூடாது. மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட் வர வேண்டும். தாண்டி வந்தால் அதை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்பது, அதையும் சேர்த்துக் காலி செய்கிற வேலை.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டியும் எழவில்லையா? கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க், பிரின்டர், யு.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றி, பிராசஸரும் ஒரே ஒரு ரேமும் மட்டும் வைத்து ஆன் செய்து பார்ப்பார்கள். எழுந்தால், ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டும்போது எதில் படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. அப்போதும் எழவில்லை என்றால் மதர்போர்டு மேல்தான் சந்தேகம்.

எல்லாம் ஓடுகிறது, இன்டர்நெட் மட்டும் வரவில்லை என்றால்? செம்புக் கேபிள் வழியாக மின்னல் நுழைந்து லேன் சிப்பைச் சுட்டிருக்கலாம். ஒரு யு.எஸ்.பி. லேன் அடாப்டர் போதும், போர்டை மாற்றத் தேவையில்லை.

பெட்டி போனாலும் ஃபைல் போகக்கூடாது

வாடிக்கையாளர்களின் ஸ்கேன், கடைக் கணக்கு, பிள்ளைகளின் போட்டோ எல்லாம் இருப்பது ஹார்ட் டிஸ்கில். பெட்டி பழுது என்று கொடுக்கும்போதே "டேட்டா வேணும், ஃபார்மேட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பல ஹார்ட் டிஸ்குகளில் அதிக வோல்ட்டேஜைத் தடுக்கும் சின்ன டயோடு இருக்கும். அடி வாங்கினால் அது ஷார்ட் ஆகி நிற்கும். விவரம் தெரிந்தவர் அதை எடுத்துவிட்டால், பல நேரம் டிஸ்க் சுழன்று ஃபைலைக் காப்பி செய்துகொள்ள முடியும். அதே மாடல் டிஸ்கின் சர்க்யூட் போர்டை அப்படியே மாற்றினால் சரியாகிவிடும் என்பது பழைய கதை. இன்றைய டிஸ்குகளில் அந்தந்த டிஸ்குக்கான அளவீடுகள் போர்டில் உள்ள சிப்பிலேயே இருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்பைக் பஸ்டர் போதாதா?

போதாது. கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் பல, வெறும் எக்ஸ்டென்ஷன் பெட்டிகள். உண்மையான சர்ஜ் புரொட்டெக்டரும் எர்த் சரியாக இல்லாவிட்டால் முழுசாக வேலை செய்யாது. பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு ஒயரே போயிருக்காது. கடலோர ஊர்களில் எர்த் பைப் உப்புக்காற்றில் அரித்திருக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டர் இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் நியூட்ரல் அறுந்து நிமிடக்கணக்கில் 350 வோல்ட் வந்தால் சர்ஜ் புரொட்டெக்டரும் எரிந்துவிடும். அதற்கு, வோல்ட்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் கட்-ஆஃப் கருவிதான் வழி.

இடி இடிக்கும்போது பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு ஐந்து, பத்து நிமிடம் ஃபேனும் லைட்டும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்து மாட்டலாம். லைட் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் செய்யலாம். "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல், "நியூட்ரல் கட் மாதிரி இருக்கு, வோல்ட்டேஜ் ஏறுது" என்று சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.