திறவாமலே தீர்ப்பளித்த நூல்



2009-ஆம் ஆண்டில், நாம் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் தாய் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் கையில் தடித்த ஆங்கில நாவல் ஒன்று இருந்தது. கறுப்பு அட்டை, அதில் வெளிறிய இரு கரங்கள் செந்நிற ஆப்பிள் ஒன்றை ஏந்தியிருந்தன. "சாமி, இரத்தம் குடிக்கும் காட்டேரியை ஒரு பெண் காதலிக்கிற கதையாம். இதைப் பிள்ளைகள் படிக்கலாமா?" என்று கேட்டார். நாம் முன்னட்டையைப் பார்த்தோம், பின்னட்டையைப் பார்த்தோம். "வேண்டாம் அம்மா, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று தீர்ப்பளித்தோம். பதினாறு வயதான அம்மகள் ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றாள்.

சென்ற ஆண்டு அதே பெண், கணவரோடும் கைக்குழந்தையோடும் நம்மைக் காண வந்தாள். இப்போது ஆசிரியையாகப் பணிபுரிகிறாள். பேச்சினிடையே, "சாமி, அன்று அந்தப் புத்தகத்தை நீங்கள் படித்திருந்தீர்களா?" என்று மெல்ல வினவினாள். "இல்லை, மகளே" என்பதைத் தவிர நம்மிடம் வேறு விடை இல்லை. அடுத்த வாரமே நான்கு நூல்களையும் நமக்கு அனுப்பி வைத்தாள். உலகம் படித்து முடித்து, வேறு கதைகளுக்குச் சென்றுவிட்ட பிறகு, ஐம்பதைக் கடந்த நாம் மழைக்கால இரவுகளில் அவற்றை வாசிக்கத் தொடங்கினோம். ஐந்து திரைப்படங்களையும் பார்த்தோம். அவ்வாறு காலந்தாழ்ந்து கற்றதையே ஈண்டு உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

கனவில் பிறந்த கதை

'டுவைலைட்' என்பது முதல் நூலின் பெயர். அந்திப்பொழுது என்று பொருள். ஆசிரியர் ஸ்டெபனி மேயர், அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்தில் வாழும் இல்லத்தரசி. மூன்று ஆண்மக்களின் தாய். 2003-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் இரவு, காட்டிடைப் புல்வெளியொன்றில் ஓர் இளம்பெண்ணும் ஒரு காட்டேரி இளைஞனும் உரையாடுவதாக அவர் கனவு கண்டாராம். விழித்ததும் எழுதத் தொடங்கி, மூன்றே மாதங்களில் நூலை முடித்தார். அது 2005-இல் வெளிவந்தது. 'நியூ மூன்' 2006-இலும், 'எக்லிப்ஸ்' 2007-இலும், 'பிரேக்கிங் டான்' 2008-இலும் தொடர்ந்தன. உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்பனையாயின.

கேதரின் ஹார்ட்விக் என்னும் பெண் இயக்குநர் உருவாக்கிய முதல் திரைப்படம் 2008 நவம்பரில் வெளிவந்தது. ஏறத்தாழ 3.7 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம் 39 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. கிறிஸ்டன் ஸ்டூவர்ட், ராபர்ட் பாட்டின்சன் ஆகிய இருவரும் உலகறிந்த நடிகர்களாயினர். இறுதி நூலை இரு படங்களாக்கி, 2012-இல் தொடரை நிறைவு செய்தனர்.

கதை இதுதான். பெற்றோர் மணமுறிவு பெற்ற பெல்லா என்னும் பதினேழு வயதுப் பெண், வெயில் காயும் ஃபீனிக்ஸ் நகரை விட்டு, இடையறாது மழை பொழியும் ஃபோர்க்ஸ் என்னும் சிற்றூருக்குத் தன் தந்தையிடம் வருகிறாள். பள்ளியில் எட்வர்ட் என்னும் அழகிய மாணவனைக் காண்கிறாள். அவனோ 1918-ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலில் சிகாகோ நகரில் உயிர்விடவிருந்த வேளையில் காட்டேரியாக மாற்றப்பட்டவன். அன்றுமுதல் பதினேழு வயதிலேயே நிற்பவன்.

சிலுவைக்கு அஞ்சாத காட்டேரிகள்

ஆங்கில இலக்கியத்தில் காட்டேரிக்கு நெடிய மரபு உண்டு. 1819-இல் ஜான் பொலிடோரி எழுதிய கதையும், 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'வும் அம்மரபின் தூண்கள். டிராகுலா, சிலுவையைக் கண்டால் பின்வாங்குவான். அத்தகைய ஒன்றையே நாம் எதிர்பார்த்தோம். ஆனால் இந்நூலில் கண்டதோ முற்றிலும் வேறு.

எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைல், பதினேழாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த ஆங்கிலிக்கன் போதகர் ஒருவரின் மகன். தம் தந்தை செதுக்கிய மரச்சிலுவையை இன்றும் இல்லச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். மனித இரத்தத்தின் மேலுள்ள வேட்கையை முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அடக்கி, மருத்துவராய் நின்று மனித உயிர்களைக் காக்கிறார். அக்குடும்பத்தார் விலங்கின் இரத்தத்தை மட்டுமே அருந்துகின்றனர். தனக்கு ஆன்மா எஞ்சியிருக்கிறதா என்று எட்வர்ட் ஏங்குகிறான். நம்பிக்கைக்கு இடமுண்டு என்று தந்தை கருதுகிறார். திருமணத்திற்கு முன் உடலுறவு கூடாது என்று உறுதியாய் நிற்பவனும் அந்த இளைஞனே. நான்காம் நூலில், தன் உயிருக்கே கேடு வரும் என்றறிந்தும், வயிற்றிலிருக்கும் குழந்தையை அழிக்க மறுக்கிறாள் பெல்லா. ஆசிரியர் நம் திருச்சபையினர் அல்லர். மார்மன் என வழங்கப்படும் சபையைச் சார்ந்தவர்.

நமக்கு நாணம் விளைவித்த செய்தி மற்றொன்று உண்டு. அட்டையிலுள்ள ஆப்பிள் விலக்கப்பட்ட கனியைக் குறிப்பது. கதை தொடங்குமுன்னரே தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்து வசனம் ஒன்று அச்சிடப்பட்டிருக்கிறது. அன்று சில தாள்களைத் திருப்பியிருந்தாலே, பேயைத் தேடிய நம் கண்ணில் விவிலியம் பட்டிருக்கும்!

கற்பனைக்குள் ஒரு மெய்யான ஊர்

ஃபோர்க்ஸ் கற்பனையூர் அன்று. வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குக் கோடியில், மரம் வெட்டும் தொழிலால் வாழ்ந்து, அத்தொழில் நலிந்ததால் தளர்ந்திருந்த சிற்றூர். இக்கதையால் அங்குச் சுற்றுலாப் பயணிகள் திரண்டனர்.

அதன் அருகே கடலோரத்தில் லா புஷ் என்னும் ஊரில் குயிலியூட் பழங்குடியினர் வாழ்கின்றனர். தம் முன்னோர் ஓநாய்களிலிருந்து மனிதராக மாற்றப்பட்டனர் என்பது அவர்களது தொன்மரபு. அதனை எடுத்துக்கொண்ட ஆசிரியர், அக்குலத்து இளைஞர்களை ஓநாய்களாக மாறுவோராகவும், காட்டேரிகளின் பகைவராகவும் படைத்தார். காட்டேரிப் பகை முழுவதும் அவருடைய கற்பனையே. உலகம் அக்கற்பனையை அறிந்ததேயன்றி, அம்மக்களின் மெய்யான துயரை அறியவில்லை. அவர்களது பள்ளிக்கூடமே ஆழிப்பேரலை தாக்கக்கூடிய தாழ்நிலத்தில் நின்றது. 2012-இல் இயற்றப்பட்ட சட்டத்தினால், தேசியப் பூங்காவிலிருந்து சுமார் 785 ஏக்கர் நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. மேட்டு நிலத்தில் புதிய பள்ளி 2022-இல் திறக்கப்பட்டது. 2004-இல் கடல் பொங்கியதைக் கண்ட நமக்கு, அந்தப் பள்ளியின் அருமை சொல்லாமலே விளங்குமன்றோ?

அஞ்சவேண்டியது எது?

அப்படியாயின் இந்நூல் தீதற்றதா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. நாம் அஞ்சியது இரத்தத்தை. அஞ்சவேண்டியதோ வேறோர் இடத்தில் இருந்தது.

எட்வர்ட், பெல்லாவுக்குத் தெரியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தனக்குப் பிடிக்காத நண்பனைக் காண அவள் செல்லாதிருக்கும்படி, அவளது வண்டியை ஓடவிடாமல் செய்கிறான். இவையனைத்தும் அவளைக் காக்கும் அன்பு என்றே கதை சொல்கிறது. அவன் பிரிந்து சென்றதும், அவளுக்கு மாதங்கள் கடந்ததே தெரியவில்லை. படிப்பும் நட்பும் பொருளற்றுப் போகின்றன. அவனோடு என்றும் இருப்பதற்காகத் தன் மானிட இயல்பையே துறக்கத் துடிக்கிறாள். இசைவின்றிக் கண்காணிப்பதை அன்பு என்பதும், தன்னை அழித்துக்கொள்வதைக் காதல் என்பதும் பொய். தன்னடக்கத்தைப் பாராட்டும் அதே நூலில் இப்பொய்யும் கலந்திருப்பதனால், இளம் உள்ளம் இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

இதை அப்பெண்ணிடம் தொலைபேசியில் சொன்னோம். சிறிது நேரம் அமைதியாயிருந்தாள். பின்னர் சொன்னாள்: "சாமி, நீங்கள் வேண்டாமென்ற பிறகு தோழியிடம் வாங்கி, நான்கையும் மறைத்து வைத்துப் படித்தேன். கல்லூரியில் ஒருவன், நான் யாரோடு பேசுகிறேன், எங்கே போகிறேன் என்று ஒவ்வொரு நாளும் கணக்குக் கேட்டான். அதுதான் உண்மையான அன்பு என்று நம்பினேன். விடுபட இரண்டு ஆண்டுகள் ஆயின. யாரிடம் கேட்பது? படித்ததே தெரியக்கூடாதே!"

அவள் நம்மேல் குறை சொல்லவில்லை. ஆயினும் அச்சொற்கள் நம் உள்ளத்தில் தைத்தன. ஒரு நூலே அத்துயருக்குக் காரணம் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் நம் தடை அவளை அந்நூலிலிருந்து காக்கவில்லை. அதனோடு அவளைத் தனியே விட்டுவிட்டது. அன்று அதைப் படித்துவிட்டு, "மகளே, இவன் செய்வது சரியென்று நினைக்கிறாயா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதுமே!

பெற்றோரே, உங்கள் பிள்ளைகளின் கையில் இன்று வேறு கதைகள் இருக்கின்றன. நாளை வேறு வரும். எல்லாவற்றையும் அனுமதியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வயதுக்கு ஒவ்வாததை மறுக்க உங்களுக்குக் கடமையுண்டு. ஆனால் மறுக்குமுன் படியுங்கள், படிக்க இயலாவிடில், "இக்கதையில் உனக்குப் பிடித்தவர் யார்? ஏன்?" என்றாவது கேளுங்கள். விடையைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

அப்பெண்ணிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை, சாமி, என் மகள் வளர்ந்தபின் அவளோடு சேர்ந்து படிப்பேன்" என்றாள். நான்கு நூல்களும் இன்னும் நம் மேசைமேல்தான் இருக்கின்றன. அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.