பிலடெல்பியாவும் தலவாக்கலையும்

அமெரிக்க அரசியற்றிட்டத்தை எம் உயர்தர வகுப்பு மாணாக்கர் தட்டுத் தடங்கலின்றி ஒப்புவிப்பர். 1787 இற் பிலடெல்பியாவிற் கூடிய 55 பிரதிநிதிகள், கையொப்பமிட்ட 39 பேர், ஒன்றையொன்று தடுத்து நிற்கும் சட்ட, நிருவாக, நீதித் துறைகள் யாவும் அவர்க்கு மனப்பாடம். ஆயின், அத்திட்டத்தின் அத்திவாரத்தையே ஆட்டிய வினா ஒன்று இத்தலவாக்கலைத் தொகுதியையும் ஆட்டியதென்று கூறின் வியப்புறுவர். ஒரு நாட்டின் பிரஜை யார் என்பதே அவ்வினா.

பிலடெல்பியாப் பெரியோர் இதற்கு விடை எழுதிவைக்கவில்லை. அடிமைகள் ஐவரை மூவராக எண்ணும் கணக்கை மட்டும் எழுதிவைத்தனர்! அதன் பலன் 1857 இல் வெளிப்பட்டது. டிரெட் ஸ்கொட் என்பாரின் வழக்கில், கறுப்பின மக்கள் அமெரிக்கப் பிரஜைகளாதல் இயலாதென உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உள்நாட்டுப் போர் நிகழ்ந்து முடிந்தபின், 1868 இற் பதினான்காந் திருத்தம் வந்தது. அந்நாட்டிற் பிறந்து அதன் சட்டவதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் அதன் பிரஜையே என்று அது விதித்தது.

இவ்விதி சோதனைக்குள்ளான வழக்கொன்றை மலையகத்தார் ஊன்றிக் கவனித்தல் தகும். வொங் கிம் ஆர்க் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர், பெற்றோர் சீனர். சீனர் பிரஜாவுரிமை பெறுவதைச் சட்டம் தடுத்திருந்த காலமது. சீனா சென்று 1895 இல் மீண்ட அவரை அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. 1898 இல் உயர் நீதிமன்றம், "பிறந்தவர் பிரஜையே" என்று முடிவு செய்தது. பெற்றோர் யாவர் என்ற ஆராய்ச்சி அவரது உரிமையைப் பறிக்கவில்லை. அவ்விதிக்கும் பகைவர் இல்லாமலில்லை: 2025 இல் ஜனாதிபதி டிரம்ப் அதைக் குறுக்கும் கட்டளை பிறப்பித்தார், கீழ் நீதிமன்றங்கள் உடனே இடைமறித்தன.

இனி நம் ஊருக்கு வருவோம். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலை மக்கள் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றுக்கு அனுப்பினர். மடக்கும்புர தோட்டத்திற் பிறந்த கவிஞர் அவர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அத்தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. இலங்கையிற் பிறந்தது மாத்திரம் அதற்குப் போதாது. தந்தையும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேற் பாட்டனும் பூட்டனும் பிறந்திருத்தல் வேண்டும். லயத்தில் வாழ்ந்தவன் பூட்டனின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு எங்கே போவான்? செக்ரோலில் அவன் பெயர் நாள் தவறாது ஏறியது. 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தத்தின்பின், வாக்காளர் இடாப்பிலிருந்து அது இறங்கியது. அவ்வாண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஈற்றிற் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. 1952 தேர்தலில் அக்காங்கிரசுக்கு ஓர் ஆசனமுமில்லை.

சோல்பரி அரசியற்றிட்டத்திற் காப்பு இல்லையா எனில், இருந்தது. ஓரினத்தார்க்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாதென 29 ஆம் பிரிவு கூறிற்று. அதனை நம்பி, ருவன்வெல்லத் தொகுதி இடாப்பிற் பெயர் பதியக் கோரி வழக்காடினார் கோடகன்பிள்ளை. இடாப்பைத் திருத்தும் அதிகாரி சிவஞானசுந்தரம், அச்சட்டங்கள் செல்லாவென்றே துணிந்து தீர்த்தார். ஓர் உத்தியோகத்தர் இவ்வாறு எழுதியது சிறிய காரியமன்று. உயர் நீதிமன்றம் அதை நீக்கிற்று; 1953 இல் இலண்டன் கோமறைக் கழகமும் கைவிரித்தது. தன் பிரஜைகள் யாரென வகுப்பது எந்நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான கருமம் என்பது அதன் நியாயம்.

இந்நியாயம் எமக்கு உடன்பாடன்று. எனினும் குறை நீதிபதிகளிடத்து மாத்திரமோ? பிரஜையென்பவன் யார் என்று சோல்பரித் திட்டம் சொல்லவேயில்லை. காப்புப் பிரிவு வீட்டுக்குள் இருப்பவனைக் காக்கும். வாசலிலேயே தடுக்கப்பட்டவனை அஃது எங்ஙனம் காக்கும்? அமெரிக்கர் 1787 இல் விட்ட அதே வெற்றிடத்தை இங்கும் விட்டுவைத்தனர். ஆங்கு 1868 இல் அது நிரம்பிற்று. ஈங்கோ, 1964 இல் வேறொரு வழக்கில் அதே கோமறைக் கழகம் அந்த 29 ஆம் பிரிவை மாற்றவொண்ணாத உடன்பாடென்று புகழ்ந்தது! எட்டாண்டுகளில், 1972 இன் குடியரசு யாப்பு அதனை அடியோடு விடுத்தது.

புகழ்ந்த அதே 1964 இல், அக்டோபர் 30 அன்று, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாமென ஒதுக்கினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே இறுதியிற் கதவைத் திறந்தது: அந்த அக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாய் வதியும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகள் என்றது. வேலுப்பிள்ளையைத் தெரிந்தனுப்பிய அவ்வாக்காளருட் பலர், அதைக் காண உயிரோடிருக்கவில்லை.