கைது செய்த நேரத்தை யார் எழுதுவது?

கைது செய்யப்பட்டவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் கைது செய்த நேரம் எழுத்தில் பதிவாகாத வரையில், மூன்று நாள்களுக்கு முன் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவரை இன்று காலையில்தான் கைது செய்ததாகக் காட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை. லாக்கப் மரணங்கள் பலவும் இந்தக் கணக்கில் வராத மணி நேரங்களில்தான் நிகழ்ந்துள்ளன.

மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவர் டி.கே. பாசு, காவல் மரணங்கள் குறித்த நாளிதழ்ச் செய்திகளைச் சுட்டி 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ். ஆனந்த் ஆகியோர் 1996 டிசம்பர் 18 அன்று அளித்த தீர்ப்பு 11 நெறிமுறைகளை விதித்தது. அவற்றின் உயிர்நாடி கைதுக் குறிப்பாணை ஆகும். கைதான தேதியும் நேரமும் எழுதப்பட்டு, குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்பிற்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையொப்பமிட, கைதானவரும் ஒப்பமிடும் ஆவணம் அது. அவர் கோரினால் அந்நேரத்தில் உடலிலுள்ள பெரிய, சிறிய காயங்களைப் பரிசோதித்துத் தனிக் குறிப்பில் பதிந்து, அவரும் காவலரும் கையொப்பமிட்டு, ஒரு படியை அவரிடமே தர வேண்டும். காவலில் இருக்கும் வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இந்தத் தேதியிட்ட தாள்கள் இருந்தால், பின்னர் தோன்றும் காயத்திற்குக் காவல்துறையே விளக்கம் சொல்லியாக வேண்டியிருக்கும். நெறிமுறைகளை மீறும் அலுவலர் துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்புக்கும் உள்ளாவார். இவற்றுள் முதன்மையானவை பின்னர்க் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன.

தவறு செய்த காவலரைத் தண்டிப்பதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. ஒடிசாவில் காவலில் இருந்த தம் மகனை ரயில் பாதையருகே பிணமாகக் கண்ட நீலாபதி பெஹெராவின் வழக்கில், அடிப்படை உரிமை மீறப்பட்ட இடத்தில் அரசு தன் இறையாண்மையைக் காட்டித் தப்ப முடியாது என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் கூறி, 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இத்தனை தீர்ப்புகளுக்குப் பின்னும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல்துறையினரின் தாக்குதலுக்கு ஆளாகி உயிரிழந்தனர் என்பது தமிழகம் தலைகுனிய வேண்டிய செய்தி. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி அங்கு விசாரிக்கச் சென்ற நடுவர், கண்காணிப்பு கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை உட்படக் காவல் நிலையம் முழுவதும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் வரை, எந்நிலையிலும் ஓராண்டுக்குக் குறையாமல், பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. காவலில் தாக்கப்பட்டவர் மனித உரிமை ஆணையத்திடமோ நீதிமன்றத்திடமோ முறையிட்டால், அவை அந்தப் பதிவுகளை வரவழைக்கலாம்.