படகில் பிள்ளைகளுக்கு ஓர் இருக்கை

கோடை விடுமுறை நெருங்கினால் நம் கடைவீதியில் சரக்கு நிலவரத்தோடு சுற்றுலாப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். ஆண்டு முழுவதும் கல்லாவை விட்டு நகராதவர்கள் குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் சென்று வருவது நல்ல வழக்கமே. கொடைக்கானல், ஏற்காடு, ஊட்டி, பிச்சாவரம், முட்டுக்காடு, தேக்கடி என எங்கே போனாலும் படகுச் சவாரி இல்லாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். காரைக்குடிக்காரர்களுக்கு அருகிலேயே, தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையினர் படகு விடுகிறார்கள்.

செட்டிநாட்டு வணிகர்களுக்குத் தண்ணீர்ப் பயணம் புதிதல்ல. நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கடல் கடந்து சென்றுதான் தொழில் செய்தார்கள். ஆனால் பெரிய கப்பல் வேறு. பத்துப் பேர் ஏறும் சிறு படகு வேறு. சிறு படகில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதே பாதிப் பாதுகாப்பு. அதிலும் குழந்தைகளின் இருக்கையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. அதைப் பற்றியே இக்கட்டுரை.

நடந்தவை சொல்லும் பாடம்

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் படகு சாய்ந்தது என்று தப்பியவர்கள் கூறினர். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் விடுமுறையைக் கழிக்கச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர் இறந்தனர். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் மாண்டனர்.

ஊர்கள் வேறு, ஆண்டுகள் வேறு. ஆனால் அளவுக்கு மீறிய ஆட்கள், சரியாக அமர்த்தாத பாரம், உடலில் இல்லாத மிதவைச் சட்டை ஆகிய மூன்றும் இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இம்மூன்றையும் படகில் ஏறுமுன் கரையிலேயே சரிபார்த்துவிடலாம்.

தராசுக்காரருக்குத் தெரிந்த கணக்கு

படகும் ஒரு தராசுதான். ஒரு தட்டில் மட்டும் எடை ஏறினால் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரியில் சரக்கு ஏற்றும்போது அரிசி மூட்டையை அடியிலும் அப்பளக் கட்டை மேலும் வைக்கிறோம். கனம் கீழே, நடுவே இருந்தால் வண்டி சாயாது. படகிலும் அதே விதிதான்.

எனவே பெரியவர்கள் இரு பக்கமும் சமமாக அமர வேண்டும். குழந்தைகள் நடுவில், தாழ்வான இடத்தில் அமர வேண்டும். ஒவ்வொரு சிறு குழந்தைக்கும் அருகில், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருப்பது அவசியம். வேடிக்கை நன்றாகத் தெரியும் என்று படகின் விளிம்பிலோ முன் மூக்கிலோ பிள்ளையை உட்கார வைப்பது தவறு. சிறு குழந்தைக்கு உடல் அளவோடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். எட்டிப் பார்த்தால் குப்புற விழுந்துவிடும். பறவையோ மீனோ தெரிந்தால் அனைவரும் ஒரு பக்கமாக எழக்கூடாது என்று படகு புறப்படுமுன்பே சொல்லிவிட வேண்டும்.

இருக்கை எப்படி இருக்க வேண்டும்?

குழந்தை உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். கால் தொங்கினால் படகு ஆடும்போது பிடிமானம் இராது. தாழ்வான பலகையே நல்லது. இல்லையேல் காலடியில் நகராதபடி பொருத்திய ஒரு கட்டை வேண்டும். முதுகுக்குச் சாய்மானமும் கைக்கு எட்டும் பிடியும் இருந்தால் பிள்ளை எழுந்து நிற்காது.

மெத்தை வைப்பதிலும் கவனம் தேவை. சாதாரண சோபா நுரை தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும். தண்ணீர் புகாத மூடிய நுரையே படகுக்கு ஏற்றது. வழுவழுப்பான ரெக்சின் உறை வெயிலில் சுடும், ஈரத்தில் வழுக்கும். சொரசொரப்பான, வெளிர் நிறத் துணி உறை மேல். மெத்தை எதுவானாலும் பலகையோடு கட்டியிருக்க வேண்டும். பலகையின் கூர்முனைகள் மழுக்கப்பட்டிருக்கின்றனவா, ஆணித்தலை துருத்திக்கொண்டிருக்கிறதா என்றும் தடவிப் பார்க்க வேண்டும்.

படகு வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. கூடுதல் ஆட்களை ஏற்றுவதற்காகவோ பிள்ளைகள் தாராளமாக உட்காரட்டும் என்றோ குறுக்குப் பலகையைக் கழற்றிவிடக் கூடாது. அப்பலகைதான் படகின் இரு பக்கங்களையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பல பைபர் படகுகளில் இருக்கைப் பெட்டிக்குள் மிதவை நுரையும் அடைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுச் சாமான் வைத்தால், தண்ணீர் புகும் நேரத்தில் படகைத் தாங்க ஒன்றுமிராது.

எஞ்சின் பக்கமும் எரிபொருள் கேன் பக்கமும் குழந்தைகளை அமர்த்தக் கூடாது. நான்கு பக்கமும் அடைத்த கீழ்த்தட்டிலும் கூடாது; படகு கவிழ்ந்தால் வெளியே வர வழியிராது. வெயில் மறைப்பு வேண்டும்; அது பக்கங்களைத் திறந்துவிட்ட கூரையாக இருக்கட்டும்.

கட்டி வைப்பது பாதுகாப்பல்ல

பிள்ளை விழுந்துவிடும் என்று பயந்து துண்டாலோ கயிற்றாலோ இருக்கையோடு கட்டுபவர்கள் உண்டு. கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் தம் உடலோடு கட்டிக்கொள்ளும் தாய்மார்களும் உண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் படகு கவிழ்ந்தால் அந்தக் கட்டே எமனாகிவிடும். காருக்குப் பெல்ட் சரி. சிறு படகுக்கு அது பொருந்தாது. அங்கே உயிர் காப்பது லைப் ஜாக்கெட் எனப்படும் மிதவைச் சட்டை.

அதுவும் குழந்தையின் எடைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் சட்டை மேலே போகும், பிள்ளை கீழே போகும். சோதிக்க எளிய வழி உண்டு. கொக்கிகளை எல்லாம் மாட்டிய பின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை மோவாய்க்கு மேல் ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. சிறு குழந்தைக்குக் கால்களுக்கு இடையே வரும் பட்டையும், தலையைத் தண்ணீருக்கு மேல் தாங்கும் கழுத்துப் பட்டியும் வேண்டும். கைக்குழந்தைக்குப் பொருந்தும் சட்டை இல்லையென்றால், ஒரு பெரியவரோடு குழந்தை கரையில் இருப்பதே நல்லது. இருக்கைக்கு அடியில் கிடக்கும் சட்டையால் பயனில்லை. கரையிலேயே மாட்டி, கரைக்குத் திரும்பிய பிறகே கழற்ற வேண்டும்.

மெத்தைக்கடை அன்பர்களுக்கு ஒரு செய்தி. போடி பக்கத்திலிருந்து நமக்கு வரும் இலவம்பஞ்சு ஒரு காலத்தில் உலகெங்கும் மிதவைச் சட்டைகளில் அடைக்கப்பட்டது. அந்த நாரில் காற்று நிறைந்திருக்கும், எளிதில் நனையாது. ஆனால் நசுங்கினாலோ உறை கிழிந்தாலோ மிதக்கும் தன்மை குறைந்துவிடும் என்பதால் பின்னர் செயற்கை நுரை அதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே இலவம்பஞ்சுத் தலையணை உட்காரச் சுகமானது. உயிர் காக்கும் என்று நம்பக் கூடாது. காற்றடைத்த டியூபும் அப்படியே.

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் படகுக்காரர்களுக்குக் கயிறும் சாமான்களும் விற்கும் நம் அன்பர்கள் குழந்தைகள் அளவு மிதவைச் சட்டைகளையும் இருப்பில் வைக்கலாம். இந்தியக் கப்பல் பதிவகத்தின் ஐ.ஆர்.எஸ். சான்று உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. விலை மலிவு என்று பெயரில்லாச் சரக்கை எடுக்க வேண்டாம். கலப்படப் பருப்பை விற்றால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். மிதக்காத சட்டையை விற்றால் சண்டை போட ஆள் இருக்காது.

பேரம் பேசும் இடம் எது?

1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் மத்திய அரசு உள்நாட்டு நீர்வழிக் கலங்கள் சட்டம் கொண்டுவந்தது. உள்நாட்டு நீர்நிலைகளில் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவும் தகுதிச் சோதனைச் சான்றும் வேண்டும் என்கிறது அச்சட்டம். எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. படகுக்காரர் தயங்கினால் அந்தப் படகு வேண்டாம்.

ஆனால் பல இடங்களில் அதிக ஆட்களை ஏற்றச் சொல்வது படகுக்காரர் அல்லர். “குழந்தைகள்தானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்” என்று வற்புறுத்துபவர்கள் பயணிகளே. இரண்டு படகுக்கு ஆகும் வாடகையை ஒரு படகில் முடிக்கப் பார்க்கும் கணக்கு அது. மடியில் இருந்தாலும் பத்துக் கிலோ பத்துக் கிலோதான். குழந்தையையும் ஓர் ஆளாகவே எண்ண வேண்டும். அதற்கென்று ஓர் இருக்கையும் ஒரு மிதவைச் சட்டையும் இருக்க வேண்டும்.

பேரம் பேசக் கடைவீதி இருக்கிறது; படகுத்துறையில் வேண்டாம். குடும்பத்தோடு செல்பவர்களும், கடைப் பணியாளர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் முதலாளிகளும் ஒரு படகு வாடகையைக் கூடுதலாகவே கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் எழுதினாலும், அது நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் கரை திரும்புவதற்கான முதலீடு.