பழைய மான்ஸ்டர் டிரக்கும் புதிய பொறுப்பும்

ஒருவர் ஓட்டிச் சலித்து மூலையில் போட்ட, ரேடியோவால் இயங்கும் விளையாட்டு வண்டியை மற்றொருவர் சொற்ப விலைக்கு வாங்கி, கழற்றிக் கழுவி, தேய்ந்த பாகங்களை மாற்றி, முன்னிலும் வேகமாக ஓடும்படி செய்துவிடுவது ஒரு நல்ல பொழுதுபோக்கு. யந்திரத்தின் இயல்பை அறிந்துகொள்ள இதைவிட இனிய பாடசாலை அரிது என்றே நான் கருதுகிறேன். ஆயினும், ஒவ்வொரு பாகத்தையும் மாற்றும்போது விற்றவரிடம் இருந்த பொறுப்பில் ஒரு பங்கு நம்மிடம் வந்து சேருகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை 87-ஆம் பிரிவில் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கிறது: தீங்கு நேர்ந்த சமயத்தில் பொருள் தவறாகப் பிரயோகிக்கப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால், அதனால் விளைந்த தீங்குக்காக விற்றவர்மீது வழக்குத் தொடர இயலாது.

வாங்கும் கட்டத்திலேயே நாம் கவனிக்க வேண்டியது, விற்பவர் வியாபாரியா, நம்மைப்போல் ஒரு ரசிகரா என்பதுதான். பழைய வண்டிகளைச் செப்பனிட்டு விற்பதையே தொழிலாகக் கொண்டவர் என்றால் நுகர்வோர் சட்டத்தின் துணை நமக்கு உண்டு. தம் சொந்த வண்டியை விற்கும் தனிமனிதரிடம் வாங்கினாலோ, 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமுமே கதி. அங்கே தரத்தைப் பற்றிய ஜாக்கிரதை பெரும்பாலும் வாங்குபவரின் தலையில்தான் விழுகிறது. ஆனால் அவர் சொன்ன வர்ணனைக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ‘பேரிங் யாவும் புதியவை’ என்று எழுதி விற்ற வண்டியில் துருப்பிடித்த பேரிங் இருந்தால், வர்ணித்த பொருளும் கொடுத்த பொருளும் வேறாகின்றன. கியர்பாக்ஸின் வெடிப்பைப் பசையால் அடைத்து, மேலே கறுப்பு மையைத் தடவி விற்றால், அது உண்மையை முனைந்து மறைத்த மோசடி. வெடிப்பைப் பற்றி வாயே திறக்காமல் இருந்துவிட்டாரென்றால், சாதாரணமாக அந்த மௌனத்தைச் சட்டம் மோசடியாகக் கொள்வதில்லை. ஆகையால் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, ஸ்பர் கியரை விரலால் மெல்லச் சுழற்றி, பல்லுக்குப் பல் ஒரே சீராக ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்ட பிறகே பணத்தை எடுப்பது உத்தமம். பிரிப்பதற்கு முன்னால் நாற்புறமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். பிரித்தபின் கண்ட குறை யாருடையது என்ற தர்க்கத்திற்கு வேறு சாட்சி கிடைப்பதில்லை.

அபாயங்களில் தலையாயது பாட்டரி. நிக்கல் பாட்டரிக்கென அமைந்த பழைய வண்டியில் லைப்போ (லித்தியம்-பாலிமர்) பாட்டரியைப் பொருத்துவதே பலர் செய்யும் முதல் மேம்பாடு. லைப்போவின் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. இந்த எல்லையை மீறினால் செல் கெட்டு வீங்குகிறது, வீங்கியதைப் பிடிவாதமாக மீண்டும் சார்ஜ் செய்தால் தீப்பற்றவும் கூடும். ட்ராக்ஸஸ் கம்பெனியாரின் ஸ்டாம்பீட் வண்டியை உதாரணமாகக் கொள்வோம். அதன் எக்ஸ்.எல்.-5 என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் ஒரு சிறு விளக்கு உண்டு. மின்னழுத்தம் குறையும்போது பாட்டரியைக் காக்கும் ஏற்பாடு விழித்திருந்தால் அது பச்சையாக எரியும்; உறங்கினால் சிவப்பாக எரியும். முந்தைய சொந்தக்காரர் நிக்கல் பாட்டரிக்காகச் சிவப்பில் விட்டிருப்பார். புதியவர் அதைக் கவனியாமல் லைப்போவைச் செருகி மாலை முழுவதும் ஓட்டுவார். இத்தகைய காவலே இல்லாத பழைய கருவிகளும் கைமாறி வருகின்றன. 5000 மில்லிஆம்பியர்-மணி பாட்டரியை 5 ஆம்பியருக்கு மிகாமல், செல்களைச் சமன்செய்யும் சார்ஜரில், எரியாத தரைமேல், கண் பார்வையிலேயே சார்ஜ் செய்ய வேண்டும். இரவில் சார்ஜில் போட்டுவிட்டு உறங்கப் போவோரின் தைரியத்தை என்னால் மெச்ச முடியவில்லை.

வேகம் அடுத்த அபாயம். பிரஷ்லெஸ் மோட்டார் ஏற்றிய நான்கு கிலோ வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் காலில் மோதுவது, அதே எடையை ஏறக்குறைய 14 மீட்டர் உயரத்திலிருந்து விடுவதற்குச் சமானம். அலுமினிய பாகங்களைப் பூட்டிவிட்டால் எல்லாம் உறுதியாகிவிடும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. வளைந்து கொடுத்த பிளாஸ்டிக் கையின் இடத்தில் வளையாத உலோகம் வந்ததும், அடி உள்ளே இருக்கும் பாகத்திற்குப் போய்ச் சேருகிறது. ரேடியோ தொடர்பு அறுந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று, சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துவிட வேண்டும். தெருவிலும், குழந்தைகள் ஆடும் பூங்காவிலும் ஓட்டிப் பிறருக்குக் காயம் விளைவித்தால், ‘விளையாட்டு வண்டிதானே’ என்ற சமாதானம் செல்லாது. அஜாக்கிரதையால் பிறர் உயிரையோ உடலையோ அபாயத்துக்கு உள்ளாக்குவோர்மீது பாரதிய நியாய சம்ஹிதையின் 125-ஆம் பிரிவு பாயும். கொடுங்காயம் நேர்ந்தால் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் அது இடமளிக்கிறது.

வீங்கிய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறிவதும் தவறு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, அதை மற்றக் குப்பையோடு கலவாமல் தனியே சேகரிப்பாளரிடம் ஒப்படைக்கும் கடமை நுகர்வோருடையது.

இனிப் பரிகாரம். முன்பணம் பெற்றுக்கொண்டு மறைந்துவிடும் ஆசாமிகளிடம் ஏமாந்தவர், கூச்சத்தால் நாட்களைக் கடத்தாமல், உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். பணம் பெறுவதற்காக யாரும் யு.பி.ஐ. ரகசிய எண்ணை இட வேண்டியதில்லை என்பதையும் நினைவில் வைத்தால் பாதி மோசடிகள் பலிக்கா. இணையச் சந்தையில் வியாபாரியிடம் வாங்கியது பழுதென்றால், அச்சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. அங்கும் பயனில்லையெனில் 1915 என்ற தேசிய உதவி எண்ணும், அதற்கு அப்பால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் இருக்கின்றன. வியாபாரி டில்லியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. வழக்கிற்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.