கடைசலில் நடுவறிதல்

தமிழில் ‘கடைதல்’ என்னும் சொல் இரு தொழில்களுக்கு வழங்குகிறது. கயிற்றால் மத்தைச் சுழற்றித் தயிர் கடைகிறோம். மரத்தையோ உலோகத்தையோ சுழலவிட்டு, உளியால் உருட்சியாகச் செதுக்குவதையும் கடைதல் என்கிறோம். இரண்டிற்கும் பொதுவாயிருப்பது சுழற்சியே. பழைய மரக்கடைசற்காரர்களும் மத்துக்குப் போலவே கயிற்றை முன்னும் பின்னும் இழுத்துத்தான் வேலை செய்தனர். அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமான்கள் இக்கடைசற் கலையில் பிறந்தவையே.

சிங்கப்பூர்த் தமிழர்க்கும் பட்டறைத் தொழில் புதியதன்று. செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இயங்கிய காலத்தில், தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே பணிபுரிந்தனர். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய உலர்துறை 1938 பிப்ரவரியில் அங்குத் திறக்கப்பெற்றது. 1968 டிசம்பரில் அக்கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு மாறிற்று. கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் லேத்து என்னும் கடைசல் இயந்திரம் இன்றியமையாதது. தண்டும் உருளையும் அதில்தான் உருவாகின்றன.

இவ்வேலையில் முதற்படி, பொருளை நடுவாகப் பிடித்தலாகும். நடு தவறினால் துளை ஒருபுறம் ஒதுங்கும், சக்கரம் ஆடும், அதனைத் தாங்கும் உறுப்புகள் விரைவில் தேயும். பலநாள் உழைத்த பொருள் ஒரு நொடியில் பழுதாவதும் உண்டு.

பொருளைப் பற்றிக்கொள்ளும் உறுப்பைத் தொழிலாளர் ‘சக்கு’ என்பர். அதன் பற்றும் பகுதிகள் தாடைகள். மூன்று தாடைச் சக்கில் தாடைகள் யாவும் ஒருங்கே நகரும். வேலை விரைவில் முடியும். ஆனால் சக்கு தேய்ந்தபின் நடு பிசகும். நான்கு தாடைச் சக்கில் ஒவ்வொன்றும் தனித்தனியே நகரும். பொறுமை வேண்டும், எனினும் விரும்பிய நுண்மை கிட்டும்.

முதலில் சக்கின் முகத்திலுள்ள வட்டக் கோடுகளைப் பார்த்துத் தாடைகளை ஏறக்குறைய ஒத்த தொலைவில் வைத்துப் பொருளைப் பிடிக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, சக்கைக் கையாலேயே மெல்லத் திருப்பி, அசையாது பொருத்திய சுண்ணக்கட்டி ஒன்றைப் பொருளின் அருகே கொண்டுவந்தால், மேடான பக்கத்தில் மட்டும் கோடு விழும். மேட்டுப் பக்கத் தாடையை இறுக்கி, எதிர்த் தாடையைத் தளர்த்த வேண்டும். இது முரட்டு முறை.

நுண்ணிய முறைக்கு விலைமிக்க டயல் காட்டி இல்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்று போதும். அதனை ஒரு சிறு கட்டையில் ஆணியால் பொருத்தி, ஆணிக்கு ஒருபுறம் 10 மில்லிமீட்டரும் மறுபுறம் 200 மில்லிமீட்டரும் இருக்குமாறு அமைக்க வேண்டும். கட்டையை உளிதாங்கியில் இறுக்குக. குறுமுனை பொருளைத் தொடவேண்டும். நெடுமுனை ஒரு தாளளவுகோலின்மேல் நகரவேண்டும். ஆணித்துளையில் ஆட்டம் இருத்தல் ஆகாது. மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று குறுமுனையைப் பொருளோடு ஒட்டி வைத்திருக்கும். இப்போது பொருளின் அசைவு இருபது மடங்காகப் பெருகித் தோன்றும். இது நெம்புகோலின் இயல்பேயன்றி வேறில்லை.

முதல் தாடைப் பக்கத்தில் முள் 14இலும், திருப்பியபின் அதற்கெதிரான மூன்றாம் தாடைப் பக்கத்தில் 10இலும் நிற்பதாகக் கொள்வோம். வேறுபாடு 4 மில்லிமீட்டர். இருபதால் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர். நடு விலகியது 0.2 மில்லிமீட்டரா? அன்று, அதிற் பாதி, 0.1 மட்டுமே. ஒருபுறம் நடு எவ்வளவு புறந்தள்ளியுள்ளதோ, எதிர்ப்புறம் அவ்வளவு உள்வாங்கியிருக்கும். ஆகவே வேறுபாடு விலகலைப்போல் இருமடங்கு. இதனை மறந்து முள்ளை 10க்கே கொண்டுவருபவர், பிழையை மறுபக்கத்துக்கு மாற்றினவரேயாவர். மூன்றாம் தாடையைச் சற்றுத் தளர்த்தி, முதல் தாடையை இறுக்கி, முள்ளை 12இல் நிறுத்த வேண்டும். அடுத்து இரண்டாம், நான்காம் தாடைகள். பின்னர் இரு இணைகளையும் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் நலம். இறுதியில் முள் அரை மில்லிமீட்டர் மட்டும் அசைந்தால், விலகல் 0.0125 மில்லிமீட்டர், இது தலைமயிரின் பருமனினும் மிகக் குறைவு.

வார்ப்பிரும்புத் துண்டின் புறம் கரடுமுரடாயிருக்கும். அங்கு முள் நம்மை ஏமாற்றும். அப்போது நடுவில் கூர்முளையால் குழியிட்டு, ஒரு நீள்கோலின் கூர்முனையை அக்குழியில் வைக்க வேண்டும். முனையிலிருந்து 25 மில்லிமீட்டர் தொலைவில் கோல் எப்பக்கமும் சாயுமாறு ஒரு தாங்கியைப் பொருத்துக. தாங்கிக்கு அப்பால் அதன் வால் 250 மில்லிமீட்டர் நீளட்டும். சக்கைத் திருப்ப, வால் வட்டமிடும். அவ்வட்டம் சுருங்கிச் சுருங்கி, வால் அசையாது நிற்கும்போது குழி நடுவில் அமைந்ததாம்.

ஓர் எச்சரிக்கை: தாடை திருகும் சாவியைச் சக்கில் விட்டுவிட்டு இயந்திரத்தை ஓட்டுதல் கூடாது, அது பறந்து உயிரையும் மாய்க்கும்.

தமிழாசிரியர்க்கு இதனால் ஆவதென்ன என்று வினவலாம். தோட்டப்பள்ளியிலிருந்து தொழிற்பயிற்சிக்குச் செல்லும் மாணவர் பலர், ‘இதை இறுக்கு, அதைத் தளர்த்து’ என்னும் ஏவலை மட்டும் கற்று, கைந்நீட்டும் உதவியாளராகவே நின்றுவிடுகின்றனர். பாதி எடுப்பதன் காரணம் அறிந்தவரோ தம் வேலையைத் தாமே சோதித்துக்கொள்வர். அக்காரணத்தைத் தாய்மொழியில் ஐந்தாம் வகுப்பிலேயே விளக்கிவிடலாம். வட்டமான அட்டையொன்றில் நடுவுக்குச் சற்று விலகி ஆணி குத்தி, அதன் விளிம்பில் ஆரக்கம்பி தொடுமாறு வைத்துச் சுழற்றச் செய்யுங்கள். இரு அளவுகளையும் மாணவரே எழுதட்டும். பாதியையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். தாடை, நடு, மேடு, விலகல் என்று இதற்கு வேண்டும் சொற்களெல்லாம் அவர்கள் நாவில் முன்பே உள்ளவை.