நீலகிரிச் சீனக் கைதிகள்

நீலகிரிச் சீனக் கைதிகள் என்போர், 1860களில் பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டு, நீலகிரியில் வேலை வாங்கப்பட்ட சீனர்கள் ஆவர்.

பின்னணி

மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இம்மரத்தை அரசு உதகமண்டலத்திலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. காடு திருத்தவும் கன்று நடவும் ஆட்கள் தேவைப்பட்டனர். நீரிணைச் சிறைகளில் இடம் போதாமல் அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் இவ்வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். அதே காலத்தில் கியூபா, பெரு நாடுகளுக்குச் சென்ற சீனக் கூலிகளைப் பெரும்பாலும் எட்டாண்டு ஒப்பந்தம் கட்டிப்போட்டது. நீலகிரிக்கு வந்தவர்களைக் கட்டியது சிறைத் தண்டனை.

தப்பியோட்டம்

ஒருமுறை புயல் வீசிய இரவில் பன்னிரண்டு கைதிகள் தப்பி, பின்னர் மலபாரில் பிடிபட்டனர். அவர்களைத் தேடிச் சென்ற காவலர் நால்வர் காட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தனர்.

குடியேற்றம்

விடுதலையான சிலர் நாடு திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் தங்கி, ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழ்ப் பெண்களை மணந்தனர். காய்கறியும் சிறிதளவு காப்பியும் பயிரிட்டனர், மாடு வளர்த்தனர்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், பணம் தருவதாகவும் உடல் அளவெடுக்க வரும்படியும் இவர்களுக்குச் சொல்லியனுப்பினார். பணம் வேண்டாம், தங்கள் புகைப்படங்களின் படிகளை நினைவாகத் தந்தால் போதும் என்று பதில் வந்தது. தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் 1909இல் வெளியிட்ட நூலில், இக்குடும்பங்கள் 'சீன-தமிழ்க் கலப்பு' என்ற தலைப்பில் இடம்பெற்றுள்ளன.